எந்த வருசத்துக்குங்க: ஒரு முதியவரின் அரசியல் பேச்சும் வீட்டார் கொண்ட பொருளும்

ஈரோட்டில் முதியோருக்கான குடும்ப ஆலோசனைப் பணியில் இருக்கும் என்னிடம் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது இந்த ஆய்வு. குடும்பத்தாரின் இசைவோடு எழுதுகிறேன். அவர்களை இன்னாரென்று காட்டிவிடக்கூடிய விவரங்களில் சிலவற்றை மாற்றியும் சிலவற்றை விட்டும் இருக்கிறேன். பெரியவருக்கு அப்போது 86 வயது. மொடக்குறிச்சி வட்டாரத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நாலரை ஏக்கர் வைத்திருப்பவர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், மனைவியை இழந்தவர். மூத்த மகன் உள்ளூரில் விசைத்தறி வைத்திருப்பதோடு ஒரு கட்சியின் கிளைப் பொறுப்பிலும் இருக்கிறார். இளைய மகனுக்குக் கோவையில் பம்பு உதிரிபாகப் பட்டறை. மகள் திருப்பூரில் ஆசிரியை. மூத்தவரின் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். நிலம் சில ஆண்டுகளாகக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது.

வந்த காரணம்

"எங்கய்யனுக்கு மூளையில ஏதோ ஆயிப்போச்சுங்க மேடம். அம்பது வருசமாப் பேசாத பேச்செல்லாம் பேசறார்" என்றுதான் மூத்த மகன் தொடங்கினார். மருந்தை மறக்கிறார், இரவில் எழுந்து நடக்கிறார் என்பது போல ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் அடுக்கியவை வேறாக இருந்தன. கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்திருந்த வேளையில் பெரியவர் "சுட்டதே அவங்க ஆட்சிதான்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். மருமகளிடம் ஒரு நாள் "நாங்க எப்பவுமே ரெட்டைக்காரங்கதான்" என்று சொல்ல, அதை இரட்டை இலை என்று கேட்ட மருமகள் பதறிப்போய்க் கணவருக்குத் தொலைபேசியில் தெரிவித்திருக்கிறார். "அந்த ஆட்சி வந்தப்பத்தான் நம்ம வீடு ரெண்டாச்சு" என்பது மூன்றாவது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஏப்ரல் மாதத்தில் வீட்டிலேயே ஓட்டுப்போட்ட அன்று நடந்தது.

85 வயது நிறைந்தவர்கள் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே அஞ்சல் ஓட்டுப் போடலாம் என்பது 2024 மக்களவைத் தேர்தலில் இருந்த ஏற்பாடு. 2021 சட்டமன்றத் தேர்தலில் அதற்கான வயது 80 ஆக இருந்தது. அப்போது 83 வயதான பெரியவர் அதை வேண்டாமென்று சொல்லி வாக்குச்சாவடிக்கே நடந்து போயிருக்கிறார். இந்த முறை இடுப்பு ஒத்துழைக்காததால் இசைந்தார். அலுவலர்கள், காவலர், வீடியோ எடுப்பவர் எல்லோரும் வந்து திண்ணையில் மறைப்பு வைத்ததும், தந்தைக்குக் கண்ணில் புரை, எனவே நான் துணையாளாக இருக்கிறேன் என்று மூத்த மகன் முன்வந்தார். பார்வையோ உடல்நிலையோ இடம் தராத வாக்காளருக்குத்தான் துணையாள் என்பது விதி. பெரியவர் அலுவலரைப் பார்த்து, "கண்ணு நல்லாத் தெரியுதுங்க. பையன் பொடக்காலிப் பக்கம் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அலுவலரும் மகனை வெளியே போகச் சொன்னார். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் பெரியவர் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்பட்டார்.

ஒரு கிழவரின் ஒற்றை ஓட்டைப் பற்றி இவ்வளவு கலக்கம் ஏன் என்று வெளியூர் வாசகருக்குத் தோன்றலாம். 2021 தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் 281 ஓட்டு. தோற்ற பக்கத்தில் பூத் வேலை பார்த்தவர் மூத்த மகன். 281 என்பது கைவிரலில் எண்ணி வீடுவீடாகத் தேடத் தூண்டும் எண். தங்கள் பூத்தில் குறைந்த ஓட்டுகளை அவர் மூன்று ஆண்டுகளாக மனத்தில் தேடிக்கொண்டிருந்தார் என்பதும், அந்தத் தேடல் தம் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றது என்பதும் எனக்கு மூன்றாவது அமர்வில்தான் விளங்கியது.

வீட்டார் சொன்னவை

ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டேன். மூத்தவருக்கு இது நோய். இளையவருக்கு இதுதான் தெளிவு: "அய்யன் இப்பத்தானுங்க உண்மையப் பேசறார்." வேறொரு கட்சியின் பால் சாய்வுள்ள அவர், தந்தை பேசியதைக் கைபேசியில் பதிந்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பதினொரு விநாடி ஓடும் அந்தப் பதிவு "சுட்டதே அவங்க ஆட்சிதான்" என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. பேரனோ, அப்பாரு கைபேசியில் வரும் வீடியோக்களைப் பார்த்துக் கெட்டுவிட்டார் என்று பெங்களூரிலிருந்து உறுதியாகச் சொன்னான். பெரியவரிடம் இருப்பது பொத்தான் கைபேசி என்பதையும் அதில் வீடியோ வராது என்பதையும் அவன் ஆத்திரத்தில் மறந்துவிட்டான்.

மகளின் விளக்கம் இவ்வளவு எளிதில் கடந்துபோகக்கூடியது அன்று. 1997இல் அவர் சாதிக்கு வெளியே, தம் விருப்பப்படி மணம் செய்துகொண்டவர். எட்டு ஆண்டுகள் பிறந்த வீட்டு வாசல் அவருக்கு மூடியிருந்தது. தாயின் வற்புறுத்தலால் பிறகு திறந்தது. "அந்த ஆட்சி வந்தப்பத்தான் நம்ம வீடு ரெண்டாச்சு" என்ற சொல்லைக் கேட்ட மூத்தவர், தம் கட்சி ஆண்ட 1996 முதல் 2001 வரையிலான ஆண்டுகளைத் தந்தை பழிப்பதாக எடுத்துக்கொண்டார். மகள் எடுத்துக்கொண்டது வேறு. "கட்சியைச் சொல்லலைங்க, என்னையச் சொல்றார். இருபத்தேழு வருசமா என் பேரைச் சொல்லாம என்னைய வையறதுக்கு அவருக்கு ஒரு ஆட்சி கெடைச்சிருக்குது" என்றார். தந்தை எந்தக் கட்சியைத் திட்டினாலும் தமக்கு அது தம் கல்யாணமாகவே கேட்கிறது என்றும், இது தம்முடைய காதின் குறையாகவும் இருக்கலாம் என்றும் அவரே சேர்த்துக்கொண்டார். நான்கு பேரில் தம் விளக்கத்தைத் தாமே ஐயுற்றவர் அவர் ஒருவர்தான்.

மதிப்பீடு

மருத்துவர் அறையில் ஏப்ரல் 30 அன்று நடந்த நினைவுத் தேர்வில் பெரியவர் 30க்கு 21 பெற்றிருந்தார். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். இது என்ன ஆண்டு என்ற கேள்விக்கு "குரோதி" என்றும், மாதம் கேட்டதற்குச் "சித்திரை" என்றும், தேதி கேட்டதற்குப் "பதினேழு" என்றும் சொல்லியிருக்கிறார். மூன்றுக்கும் சுழியம் போடப்பட்டு, குரோதிக்குப் பக்கத்தில் ‘பொருத்தமற்ற விடை’ என்று எழுதப்பட்டிருந்தது. நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தால் மூன்றும் சரி. தேர்வு நடத்திய இளைஞர் தமிழ் ஆண்டின் பெயர் அறியாதவராக இருந்ததில் வியப்பில்லை; எனக்கே சரிபார்க்க வேண்டியிருந்தது.

தாளின் ஓரத்தில் ஒரு கூடுதல் கேள்வியும் இருந்தது. "முதலமைச்சர் யார்?" பெரியவரின் விடை: "எந்த வருசத்துக்குங்க?" அதை நோக்குநிலைக் குறைபாட்டுக்கு, அதாவது காலமும் இடமும் பிடிபடாமல் போவதற்கு, அடையாளமாகக் குறித்திருந்தார்கள். என் பார்வையில் இந்தக் குடும்பத்தைத் திறக்கும் சாவி அந்த விடையில்தான் இருந்தது.

அடுத்த இரண்டு அமர்வுகளில் நான் அரசியலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளைகள் பிறந்தது எப்போது, கிணறு வெட்டியது எப்போது, வீட்டுக்கு ஓடு மாற்றியது எப்போது என்று மட்டும் கேட்டேன். அவர் ஒருமுறைகூட ஆண்டின் எண்ணைச் சொல்லவில்லை. மகள் பிறந்தது "பெருமாநல்லூர்ல சுட்ட வருசம்". அது 1970, மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் அந்த ஆண்டு ஜூன் 19 அன்று உழவர் மூவர் அங்கே காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். இளைய மகன் பிறந்தது "கோயமுத்தூரு ரோடெல்லாம் மாட்டுவண்டி நின்ன வருசம்". அது 1972, உழவர் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு முன்னின்ற போராட்டம். ஈரோடு அப்போது கோவை மாவட்டத்திலேயே இருந்தது. வண்டி ஓட்டிப் போக இயலாத தொலைவு என்பதால் பெரியவர் பேருந்தில் போய் அங்கே உறவினர் வண்டியில் ஏறிக்கொண்டாராம். ஓடு மாற்றியது "புறாவும் சேவலும் நின்ன எலெக்சன்", அதாவது அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து இரட்டைப்புறா, சேவல் சின்னங்களில் போட்டியிட்ட 1989 தேர்தல். ஆழ்குழாய்க் கிணறு போட்டது "கரண்டு எல்லாத்துக்கும் ஃப்ரீ ஆனதுக்கு அடுத்த வருசம்". எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் என்றானது 1990இல்.

அவருடைய பேச்சில் ஆட்சிகளும் தேர்தல்களும் பெரும்பாலும் காலக்கணக்கு. நாம் ‘தொண்ணூற்றேழில்’ என்று சொல்லும் இடத்தில் அவர் ‘அந்த ஆட்சி வந்தப்ப’ என்கிறார். ஆண்டைச் சொல்ல வந்தவரிடம் கட்சி அபிமானத்தைத் தேடினால் அது கிடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கட்சிகள் மாறிமாறி ஆண்டுவந்த மாநிலத்தில் அவர் எந்த நிகழ்ச்சியைச் சொன்னாலும் ஒரு மகனுக்குப் புண்படும், மற்றவருக்கு இனிக்கும்.

இதற்காக அவருக்குக் கருத்தே கிடையாது என்று நான் சொல்லவில்லை. இளைய மகன் குழுவில் போட்ட பதிவின் முழு வடிவத்தை அவரிடமே கேட்டு வாங்கினேன். வெட்டப்பட்ட பகுதி இப்படிப் போகிறது: "சுட்டதே அவங்க ஆட்சிதான். பொறகு கரண்டு ஃப்ரீயாக் குடுத்ததும் அவங்க ஆட்சிதான். ரெண்டையும்தான் எழுதி வெக்கோணும்." வரலாறு இதற்கு ஒத்துப்போகிறது. 1970இல் சுட்டபோதும் 1990இல் கொடுத்தபோதும் முதலமைச்சர் கருணாநிதி. இடையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு உழவர்களுக்கு அந்தச் சலுகை வந்ததையும், அதே ஆட்சியில் உழவர் சங்கத்தின் மீது அடக்குமுறை இருந்ததையும் பெரியவர் அதே மூச்சில் சொன்னார். பற்றும் வரவுமாக எழுதப்பட்ட பேரேடு அது. மூத்தவர் பற்றுப் பக்கத்தைக் கேட்டுத் துடித்தார். இளையவர் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து ஊருக்குக் காட்டினார்.

செவித்திறன் சோதனையில் இரண்டு காதும் பாதிக்கு மேல் மந்தம் என்று தெரிந்தது. ஆசாரத்தில் அவர் ‘உரக்கச்’ சொன்னதன் காரணம் கோபம் அன்று. தம் குரலே தமக்குச் சரியாகக் கேட்பதில்லை. கருவி பொருத்தி, தமிழ் மாதத்தை ஏற்றுக்கொண்டு ஜூனில் மீண்டும் தேர்வு வைத்தபோது 25 வந்தது. ஆனால் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களில் ஐந்து நிமிடம் கழித்து அவருக்கு நினைவிருந்தது ஒன்றுதான். இதையும் மகன்களிடம் மறைக்காமல் சொன்னேன். மூத்தவரின் அச்சம் முழுவதும் பொய்யன்று. அவர் அதைத் தவறான இடத்தில் தேடினார்.

ரெட்டை

என் பங்குக்கு நானும் ஒரு பிழை செய்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஓர் ஆயத்த விளக்கம் உண்டு: முதியவர் கட்சியைப் பேசினால் சொத்தைப் பேசுகிறார் என்று பொருள். "வீடு ரெண்டாச்சு", "ரெட்டைக்காரங்க" என்ற இரண்டையும் சேர்த்து, இரண்டு மகன்களுக்கும் நிலத்தைப் பிரிப்பது பற்றிய கவலை என்று முதல் அமர்வின் குறிப்பில் எழுதிவைத்தேன். எழுதியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதை அடித்தவர் குத்தகைக்குப் பண்ணையம் பார்ப்பவர். நான் வீட்டுக்குப் போயிருந்த காலையில் அவர் தேநீருக்கு வந்திருந்தார். ‘ரெட்டைக்காரர்’ என்றால் என்ன என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "மதகுங்க. எங்க மதகு ரெட்டைப்படை."

கீழ்பவானிப் பாசனம் இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர். பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. அத்தனை நிலத்துக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் போதாது என்பதால் மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிக்கப்பட்டு, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறு பாதிக்குப் புஞ்சைப் பயிருக்கும் முறை வைத்து விடப்படுகிறது. அடுத்த ஆண்டு முறை மாறும். இந்த வட்டாரத்தில் ஒருவர் எந்த ஆண்டு நெல் நடுவார், எந்த ஆண்டு கடலையோ எள்ளோ போடுவார், எப்போது கையில் காசு இருக்கும், எப்போது கல்யாணம் வைப்பார் என்பதெல்லாம் மதகின் எண்ணைப் பொறுத்தவை. பெரியவர் அதைத் தமக்குள் ரெட்டை என்று சுருக்கிக்கொண்டார். திருப்பூர்ப் பக்கத்து நகரத்தில் பிறந்து வந்த மருமகளுக்கு அது இலையாகக் கேட்டது. தறி மேடையில் வளர்ந்த மூத்த மகனோ மதகின் எண் தெரிந்தவர்தான். ஆனால் செய்தி மனைவி வாயிலாக, பொருள் மாறிய பிறகே அவருக்கு வந்துசேர்ந்தது.

1996இல் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டார் அனைவரும் அதைப் பெரியவரின் ‘பழைய கிறுக்குக்கு’ச் சான்றாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு உழவர்களின் குறைகளுக்குக் கவனம் ஈர்க்க மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. பெரியவர் 250 ரூபாய் வைப்புத்தொகை கட்டி அவர்களில் ஒருவராக நின்றார். அவருக்கு ஓர் ஓட்டும் விழவில்லை. அவருடைய ஓட்டே அவருக்கு விழவில்லை என்பதுதான் முப்பது ஆண்டு வீட்டுக் கேலி. நான் கேட்டபோது அவர் சற்றும் வெட்கப்படாமல் விளக்கினார்: "நின்னது மனு குடுக்கறதுக்குங்க அம்மிணி. ஓட்டு, ஆளறதுக்குப் போடறது. எனக்கு ஆளத் தெரியுமா?" சட்டமன்றத்துக்கான வைப்புத்தொகை அதே ஆண்டில் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதைத் தங்கள் சாதனையாகவே அவர் கருதுகிறார். அந்தப் பழைய ரசீது தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது.

கூட்டமர்வு

ஜூலையில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்ற கேள்வி அறைக்குள் வரக்கூடாது என்பதை முதலிலேயே நிபந்தனையாக்கினேன். யாருக்கு ஓட்டளித்தார் என்று எவரையும் சொல்லவைக்க முடியாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 94ஆம் பிரிவு நீதிமன்றச் சாட்சிக்கே காப்புத் தருகிறது. பெற்ற தகப்பனுக்கு அவ்வளவாவது தர வேண்டும் என்றேன். மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு பெரியவரிடம், இப்போது உங்களுக்கு அரசாங்கத்திடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஏறத்தாழ நாற்பது நிமிடம் பேசினார். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் பற்றித்தான் முழுவதும். 2023இல் அந்த வேலை நடந்தபோது கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்று ஆதரித்தவர்களும், கசிவு நீர் நின்று கிணறுகள் வற்றும் என்று எதிர்த்தவர்களும் இதே வட்டாரத்தில் இரு பிரிவாக நின்றார்கள். பெரியவர் இரண்டிலும் முழுதாகச் சேரவில்லை. கரை உடையும் இடங்களில் பக்கச் சுவர் கட்டட்டும், தரையில் மட்டும் பூசக்கூடாது, அதற்கு முன் வாய்க்காலின் இரு பக்கமும் உள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை இரண்டு போகம் அளந்து எழுத வேண்டும் என்றார். எந்த மைலில் கரை இளகியிருக்கிறது, எந்தக் கொப்பு வாய்க்காலில் தண்ணீர் நிற்பதில்லை என்பதெல்லாம் ஒழுங்காக வந்தது. பொறியியல்படி அவர் சொல்வது சரியா என்று தீர்ப்பது என் வேலையன்று. அது காரணகாரியத்தோடு கூடிய, இன்றைய தேதியில் நிற்கும் அரசியல் கருத்து என்பதைத்தான் நான் குறித்துக்கொண்டேன்.

வியப்பு என்னவென்றால் இது வீட்டில் யாருக்கும் புதிதன்று. இரண்டு ஆண்டுகளாகத் தினமும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வீட்டில் ‘வாய்க்காப் பொலம்பல்’ என்று பெயரே இருந்தது. ஆண்டைக் குறிக்கச் சொன்ன சொற்களை அரசியலென்று பிடித்துக்கொண்டு சண்டையிட்டவர்கள், அரசியலைப் புலம்பல் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அந்த ஒதுக்கலுக்கும் காரணம் உண்டு. மூத்தவரால் கட்சிப் பொறுப்பில் இருந்துகொண்டு அந்த மனுவைத் தூக்க இயலாது. இளையவரின் மாமனார் நிலம் கடைமடையில் இருக்கிறது. தந்தைக்குத் தெளிவான கருத்து உண்டு என்று ஒப்புக்கொண்டால் இருவரும் ஏதாவது செய்தாக வேண்டும்.

மகளின் கேள்வியும் அன்று வந்தது. "வீடு ரெண்டாச்சுன்னு சொன்னது என்னையத்தானுங்களாப்பா?" என்று அவர் நேராகவே கேட்டார். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. "வருசத்தைச் சொன்னேன் கண்ணு" என்றார்; சற்றுக் கழித்து, "உன்னையும்தான்" என்றார். என் காலக்கணக்கு விளக்கம் இந்த ஓர் இடத்தில் போதவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மகள் அழவில்லை. அப்படியென்றால் மனுவை நானே எழுதித் தருகிறேன் என்று பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

பின்னர்

மனு பள்ளிக்கூடக் கையெழுத்தில் மூன்று பக்கம் வந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மூத்த மகன்தான் காரில் அழைத்துப்போனார். உள்ளே வராமல் வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டார். கருவி வைத்தும் கூட்டத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று பெரியவர் மகிழ்ச்சியோடு சொன்னார். மனுவுக்குக் கொடுத்த ரசீது 250 ரூபாய் ரசீதோடு தகரப் பெட்டிக்குள் போயிற்று. இளைய மகன் குழுவில் போட்ட பதிவை நீக்கிவிட்டதாகச் சொன்னார். அது அதற்குள் எத்தனை பேரிடம் போயிருக்கும் என்பதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

2025 பிப்ரவரியில் மறுபார்வைக்கு வந்தார்கள். மாதம் மாசி என்று சரியாகச் சொன்னார். முதலமைச்சர் யார் என்று இப்போது நான் கேட்பதில்லை. தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். "வந்துதுங்க. நாங்க ஒத்தைக்காரங்கதானே, எங்களுக்கு எப்பவும் மொதல்ல" என்றார்.

மூத்த மகன் என்னைப் பார்த்தார். பிறகு தந்தையின் காதருகே குனிந்து, "நாம ரெட்டைங்கய்யா" என்று மெதுவாகச் சொன்னார். பெரியவர் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. அன்றைய தாளில் முதன்முறையாக நான் ‘தவறு’ என்று எழுதினேன்.